தனி ஆலோசனை அறையில் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை அளிக்கலாமா?

வைகைக்கரை (ஆலோசனை உளவியலாளர், மதுரை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக உளவியல் ஆலோசனை நடத்தி வருகிறேன். படுக்கை வசதியோ செவிலியரோ கிடையாது. மருந்து எழுதும் தகுதியும் எனக்கு இல்லை. தூக்கமின்மை, பதற்றம், மணவாழ்க்கைச் சிக்கல், அடக்க முடியாத கோபம் என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். இரண்டு மூன்று சந்திப்புகள் கடந்து, என் மீது ஓரளவு நம்பிக்கை வந்த பிறகுதான் குடியைப் பற்றிய பேச்சு மெல்ல எழுகிறது.

இப்போது என்னிடம் வரும் ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன். நாற்பதை ஒட்டிய வயது, சொந்தத் தொழில். தூக்கம் வரவில்லை என்றுதான் வந்தார். தினமும் இரவு ஒரு குவார்ட்டர், சனிக்கிழமைகளில் அதற்கும் மேல் என்பது பிறகு தெரிந்தது. போன கார்த்திகையில் மாலை போட்டபோது ஒரே நாளில் முழுவதுமாக நிறுத்தியிருக்கிறார். முதல் மூன்று நாட்கள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண்ணை மூடவே முடியவில்லை என்கிறார். மாலையைக் கழற்றிய வாரமே மறுபடியும் தொடங்கிவிட்டார். "குறைச்சுக்கிறேன், அடியோட விடச் சொல்லாதீங்க. மையத்துல மட்டும் சேர்க்காதீங்க" என்பது அவருடைய வேண்டுகோள். அவருடைய மனைவி என்னைத் தொலைபேசியில் அழைத்து, உள்ளே என்ன பேசுகிறார் என்று கேட்கிறார்; சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஏதாவது மருந்து இருக்கிறதா என்றும் கேட்கிறார்.

குடிக்கிறவருக்கு உளவியல் சிகிச்சை பலிக்காது, முதலில் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பிவிட வேண்டும், குடி நின்ற பிறகு வேண்டுமானால் ஆலோசனையைத் தொடரலாம் என்றுதான் எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் இவரை அப்படி அனுப்பினால் அவர் மையத்துக்கும் போக மாட்டார், என்னிடமும் திரும்பி வர மாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. இப்படிப்பட்டவரை என் அறையிலேயே வைத்துத் தொடர்ந்து பார்ப்பது சரியா? எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அனுப்பியே தீர வேண்டும்? குறைப்பதை இலக்காக ஏற்கலாமா? மனைவிக்கு என்ன பதில் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

கோவை மருத்துவர் (மனநல மருத்துவர்) எழுதியது:

வணக்கம் மேடம். பார்க்கலாம், பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். மருத்துவர் ஒருவரோடு கைகோத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் குடியால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 5.7 கோடிப் பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. மையத்துக்குப் போய்விட்டு வா என்று நாம் திருப்பி அனுப்புகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் எங்கும் போய்ச் சேர்வதில்லை. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை தமிழ்நாட்டில் உள்நோயாளிச் சிகிச்சைக்கு ஒரு மரியாதையைப் பெற்றுத் தந்தன. அந்தப் பணி மகத்தானது. ஆனாலும் சிகிச்சை என்றாலே படுக்கையில் சேர்ப்பதுதான் என்ற எண்ணம் நம் துறையில் ஊறிப்போனதால், மிதமான நிலையில் இருப்பவர்களுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்., 2013இல் வந்த தன் ஐந்தாம் பதிப்பில், 11 அறிகுறிகளில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி, இரண்டு மூன்று இருந்தால் இலேசானது, நான்கு ஐந்து இருந்தால் மிதமானது, ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கடுமையானது என்று பிரிக்கிறது. உங்கள் அறைக்கு வருகிறவர்கள் இந்த மூன்று நிலைகளிலும் இருப்பார்கள்.

எனவே முதல் வேலை அளவைக் கேட்டு அறிவது. 'கொஞ்சமா குடிப்பேன்' என்ற பதிலை அப்படியே குறித்துக்கொள்ளாதீர்கள். என்ன சரக்கு, எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள், நாளின் முதல் குடி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர்ப் பிராந்தியிலும் விஸ்கியிலும் சாராயச் சத்து 42.8 விழுக்காடு. கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். உலகச் சுகாதார நிறுவனம் 10 கிராமை ஓர் அளவு என்று கொள்கிறது. ஆகவே 'ஒரு குவார்ட்டர்தானே' என்கிறவர் ஆறு அளவு குடிக்கிறார். இதைக் குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினால், தான் குடிக்கும் அளவைப் பலர் அப்போதுதான் முதன்முறையாகத் தெரிந்துகொள்கிறார்கள். அந்நிறுவனம் உருவாக்கிய ஆடிட் வினாத்தாளில் 10 கேள்விகள்தான். மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். 20ஐத் தொட்டால் அடிமைநிலை இருக்கலாம் என்று கருதி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தூக்கத்துக்காக வருகிறவர், சண்டைக்காக வருகிறவர் என்று பாராமல் எல்லாரிடமும் முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். அப்போது எவருக்கும் தன்னை மட்டும் சந்தேகப்படுகிறார்கள் என்று தோன்றாது.

அடுத்தது, உங்கள் கேள்வியிலேயே மிக முக்கியமான இடம், மாலை போட்ட அந்த மூன்று நாட்கள். கை நடுக்கமும் வியர்வையும் வந்தன என்றால் அவருடைய உடல் மதுவுக்குப் பழகிவிட்டது என்று பொருள். இத்தகையவர் திடீரென்று நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இடமும் ஆளும் தெரியாத குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல், படபடப்பு ஆகியவை சேர்ந்த டெலீரியம் ட்ரெமென்ஸ் என்ற உயிராபத்தான நிலை வரலாம். டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடி மறுநாள் நண்பகலில்தான் திறக்கும். இரவோடு நிறுத்திய ஒருவர் காலை 10 மணிக்கு உங்கள் முன்னால் அமர்ந்து படிவத்தில் கையெழுத்திடும்போது பேனா நடுங்குகிறதா என்று பாருங்கள். சந்துக்கடையைத் தேடி விடியற்காலையிலேயே போகிறார் என்றால் அதுவும் ஒரு தெளிவான குறி. விரதத்தின் பெயரால் ஒரே நாளில் நிறுத்துவதை நம் சமூகம் மனவுறுதியாகப் போற்றுகிறது. அந்த நாட்களில் வலிப்போடு மருத்துவமனைக்கு வருகிறவர்களைப் பார்க்கிற எங்களுக்கு அது பெருங்கவலை. அந்த உறுதியைக் குலைக்க வேண்டியதில்லை. மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டால் பாதுகாப்பாக நிறுத்த முடியும்.

முன்பு எப்போதாவது வலிப்பு வந்தவர், குழப்பநிலைக்குப் போனவர், கல்லீரல் நோயுள்ளவர், முதியவர், கருவுற்றவர், மதுவோடு தூக்க மாத்திரையும் சேர்த்து எடுக்கிறவர், தற்கொலை எண்ணம் உள்ளவர் ஆகியோரை மருத்துவரிடம் காட்டாமல் நிறுத்தச் சொல்லக் கூடாது. உங்களுடையவர் தூக்கமின்மையோடு வந்தவர் என்பதால், கடையில் சீட்டில்லாமல் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். இவற்றில் எதுவும் இல்லையென்றால், வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கும்பட்சத்தில், வெளிநோயாளியாகவே சில நாட்கள் மருந்து கொடுத்தும் தயமின் (வைட்டமின் பி1) சத்து ஏற்றியும் நடுக்கத்தைக் கடக்கச் செய்யலாம். அதற்குப் பிறகு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உதவும். நால்ட்ரெக்சோன் மது தரும் இன்பத்தைக் குறைக்கிறது. அடியோடு விடத் தயாராக இல்லாதவருக்கும் கொடுக்கலாம் என்பதால், உங்கள் நபரைப் போன்றவர்களுக்கு அது ஒரு நல்ல தொடக்கம். கல்லீரல் பரிசோதனை செய்து பார்த்த பிறகே தொடங்குவோம்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். குடித்துக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று முடிவு கட்ட அவசரப்பட வேண்டாம். மதுவால் வந்த சோர்வு, நிறுத்திய இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் பெரும்பாலும் தானாகவே தணியும். தூக்கமும் அப்படியே, மது சீக்கிரம் தூங்க வைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும். ஆனால் தற்கொலை எண்ணம் இருந்தால் அந்த நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அனுப்புங்கள்.

நெல்லைச் சமூகப்பணியாளர் (மருத்துவச் சமூகப்பணி, போதை மீட்பு) எழுதியது:

டாக்டர் உடலைப் பற்றி எழுதிவிட்டார். அறைக்குள் நடக்க வேண்டிய பேச்சைப் பற்றி நான் எழுதுகிறேன் மேடம்.

முதலில், குடிக்கிறவருக்கு உளவியல் சிகிச்சை பலிக்காது என்று சொல்லிக் கொடுத்தது சரியன்று. அமெரிக்காவில் 1,726 பேரைச் சேர்த்து நடத்தப்பட்டு 1997இல் முடிவுகள் வெளியான பிராஜக்ட் மேட்ச் ஆய்வில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிநோயாளிகளே. நான்கே சந்திப்புகள் கொண்ட ஊக்க மேம்பாட்டுச் சிகிச்சை, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் 12 சந்திப்புகள் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற குடிநோயாளிகளின் சுய உதவிக் குழுவுக்கு ஆற்றுப்படுத்தும் 12 சந்திப்புகள் என மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றிலும் குடி கணிசமாகக் குறைந்தது. மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஆடிட்டில் 12 முதல் 19 வரை பெற்ற ஆண்களுக்கு, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சில சந்திப்புகள் மட்டும் பேசினார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் ஆபத்தான நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினர். பட்டமில்லாதவர்களே இதைச் செய்திருக்கும்போது உளவியல் படித்த நீங்கள் தயங்க வேண்டிய தேவையே இல்லை.

எப்படிப் பேசுவது என்பதற்கு, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிப் பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் முறையே எனக்குக் கைகொடுக்கிறது. அதன் சாரம், விட வேண்டியதற்கான காரணங்களை நாம் அடுக்கக் கூடாது, அவர் வாயாலேயே வர வேண்டும் என்பது. நாம் வற்புறுத்தினால் அவர் மறுப்பார்; மறுத்துப் பேசப் பேச, குடிக்கும் பக்கத்துக்கான நியாயங்களை அவரே தமக்குச் சொல்லிக்கொண்டு உறுதியாகிவிடுவார். ஒரு சிறு உரையாடலைக் காட்டுகிறேன்.

"நான் ஒண்ணும் குடிகாரன் இல்லைங்க. தூக்கத்துக்காகத்தான்."

"தூக்கம் வரணும்னு ஆரம்பிச்சது. இப்ப அந்தத் தூக்கம் எப்படி இருக்குங்க?"

"படுத்ததும் வந்துடுது. ஆனா ரெண்டு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடும். அப்புறம் விடியற வரைக்கும் ஃபேனையே பார்த்துட்டுக் கிடக்கணும்."

"அந்த ரெண்டு மணியிலேருந்து விடியற வரைக்கும் என்னதான் யோசிப்பீங்க?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் கடன், மகளின் படிப்பு, அப்பாவின் சாவு என்று உண்மையான விஷயம் இருக்கும். முதல் வரிக்கே "தினமும் குவார்ட்டர் அடிச்சா குடிகாரன்தான்" என்று பதில் சொல்லியிருந்தால் அங்கேயே பேச்சு முடிந்திருக்கும். 'குடிகாரன்' என்ற பெயரை அவர் ஏற்றுக்கொண்டால்தான் சிகிச்சை தொடங்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்தப் பெயரை ஏற்காமலேயே மாறுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

குறைப்பதை இலக்காக ஏற்கலாமா என்று கேட்டீர்கள். என் தீர்ப்பு இதுதான்: நடுக்கம் வருகிற அளவுக்குப் போனவருக்கு அடியோடு விடுவதே பாதுகாப்பு, அதை நான் மறைக்காமல் சொல்லிவிடுவேன்; ஆனால் அதை ஏற்றால்தான் பார்ப்பேன் என்று சொல்ல மாட்டேன். அவர் குறைக்கிறேன் என்றால், எந்த அளவுக்கு, எந்த நாளிலிருந்து என்று எழுதி வைத்துக்கொண்டு, டாக்டரின் மேற்பார்வையில் தொடங்கட்டும். ஒரு சிறு நோட்டில் நாள், நேரம், அளவு, யாரோடு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று குறித்து வரச் சொல்லுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அந்த நோட்டே பேசும். குறைக்க முடிகிறதா என்பதை அப்போது அவரே பார்த்துக்கொள்வார்; முடியவில்லை என்றால் ஒரு மாதம் முழுவதுமாக நிறுத்திப் பார்க்கலாமா என்ற பேச்சை எடுக்க அதுவே தக்க நேரம்.

அந்த நோட்டில் சனிக்கிழமை தனியாகத் தெரியும். வாரக்கூலி கைக்கு வரும் நாள், ஆட்களுக்குச் சம்பளம் போட்டுவிட்டு ஓய்ந்து உட்காரும் நாள், மறுநாள் விடுமுறை என்ற நினைப்பு, எல்லாம் ஒன்று சேரும் மாலை அது. கூலி வேலை செய்கிறவரானால், சம்பளம் வங்கிக் கணக்குக்கோ மனைவியின் கைக்கோ நேராகப் போகும்படி முதலாளியிடம் அவரையே பேசச் சொல்வோம். வீடு திரும்பும் வழியில் கடை இருக்கிறது என்றால் வழியை மாற்றச் சொல்வோம். ஆறிலிருந்து எட்டு மணி வரைக்கும் அந்த உடம்பு எங்கே இருக்கும், கையில் எவ்வளவு பணம் இருக்கும், பக்கத்தில் யார் இருப்பார்கள், பசியோடு இருப்பாரா என்று நிமிடக் கணக்கில் திட்டமிடுங்கள். மாலை ஆறு மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவது பலருக்கு வேட்கையைப் பாதியாகக் குறைக்கிறது. வேலை முடிந்த உடம்பு வலிக்காகக் குடிக்கிறேன் என்கிறவருக்கு அந்த வலியைத் தனியே கவனிக்காமல் மனத்தைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

மறுபடி ஒரு நாள் குடித்துவிடுவார். அதை முதல் மாதத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் ஆலன் மார்லட் 1985இலேயே விளக்கியபடி, ஒரு தடவை வழுக்கியதைவிட, 'இனி எல்லாம் போச்சு, நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்' என்ற எண்ணமே முழுமையாகத் திரும்பவும் குடியில் தள்ளுகிறது. சத்தியம் செய்து கயிறு கட்டியவருக்கு இந்த எண்ணம் இரட்டிப்பாக வரும், சாமிக்கும் துரோகம் செய்துவிட்டேன் என்று. குடித்த மறுநாளே என்னிடம் வரலாம், வந்தால் திட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

போதையில் அறைக்கே வந்துவிட்டால்? அன்று ஆழமான பேச்சு வேண்டாம். மரியாதையாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, வீட்டிலிருந்து ஒருவரை வரவழைத்து அனுப்புங்கள். வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துக் கொடுக்க மறக்க வேண்டாம், அந்த நாள் இல்லையென்றால் வெட்கத்தாலேயே வராமல் போய்விடுவார்.

மனைவியைப் பற்றி. அவர் உங்களுக்குத் தொந்தரவு அல்ல, சிகிச்சையில் மிகப் பெரிய துணை. ராபர்ட் மேயர்ஸ் குழுவினர் வகுத்த கிராஃப்ட் என்ற முறையில் குடும்பத்தினருக்கு மட்டுமே பயிற்சி அளிப்பார்கள். 1999இல் வெளியான ஆய்வில், சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்துவந்தவர்களில் 64 விழுக்காட்டினர் அதன் மூலம் சிகிச்சைக்கு வந்தார்கள். உறவினர் கூடி நின்று முகத்துக்கு நேரே குற்றம் சொல்லும் முறையில் வந்தவர்கள் 30 விழுக்காடுதான். குடிக்காத மாலையில் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, குடித்து வந்த இரவில் சண்டையும் வேண்டாம், வாந்தியைத் துடைத்துச் சட்டையைத் துவைத்து மறைப்பதும் வேண்டாம் என்று விலகி நிற்பது, அவர் மனம் இளகிக் கேட்கும் நேரம் பார்த்துச் சிகிச்சையைப் பற்றிச் சொல்வது என்பவைதான் அந்தப் பயிற்சியின் நடைமுறை. மனைவியைத் தனியாக ஒரு நாள் வரச் சொல்லுங்கள். முதலில் கேட்க வேண்டியது, வீட்டில் அடி விழுகிறதா என்பது. விழுகிறது என்றால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசாதீர்கள். உள்ளே அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக வீட்டில் அடி வாங்குவார். பெண்கள் உதவி எண் 181ஐயும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பையும் அவருக்குச் சொல்லுங்கள்.

குடி நிறுத்தியவன் எழுதியது:

நான் மருத்துவரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. பல ஆண்டுகள் குடித்து, இப்போது பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருப்பவன். மேடம் கேட்டிருப்பது என்னைப் போன்றவர்களைப் பற்றி என்பதால் எழுதுகிறேன்.

என்னை மாற்றியது ஒரு சாதாரண ஆலோசனை அறைதான். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். உண்மையில் பாதியைச் சொன்னேன். அதைக் கேட்டு அவர் முகம் மாறவில்லை என்று கண்ட பிறகு, அடுத்த முறை முழுவதையும் சொன்னேன். எங்களுக்கு அந்த முகம்தான் முதல் பரீட்சை. வீட்டில், வேலையிடத்தில், மருத்துவமனை வரிசையில் எல்லாரும் காட்டிய முகத்தையே அங்கும் பார்த்திருந்தால் கட்டணத்தை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பேன்.

ஏ.ஏ. கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய அமைப்பு. கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. ஆலோசகரை வாரம் ஒரு மணி நேரம்தான் பார்க்க முடியும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கை பரபரக்கும்போது அழைத்துப் பேச ஓர் ஆள் எனக்கு அங்கேதான் கிடைத்தார். ஆனால் கடவுள் பற்றிய பேச்சு பிடிக்காமல் முதல் கூட்டத்தோடு நின்றவர்களும் உண்டு. போகச் சொல்லுங்கள், போகவில்லை என்றால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அண்ணனைப் பற்றி என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன் மேடம்: "மையத்துல மட்டும் சேர்க்காதீங்க" என்று உங்களிடம் கெஞ்சுகிறார் என்றால், குடி தன் கையை மீறிவிட்டது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டர் சொன்னபடி ஆடிட் கேள்விகளைக் கேட்டேன், 23 வந்தது. தூக்க மாத்திரை எடுக்கவில்லை, வலிப்பு வந்ததில்லை. குறைப்பதற்குத்தான் மருத்துவரைப் பார்க்கிறோம், மையத்தில் சேர்ப்பதற்கு இல்லை என்று சொன்னதும் வர ஒப்புக்கொண்டார்.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சாப்பாட்டில் மருந்து கலப்பதைப் பற்றி அவர் மனைவிக்கு என்ன சொல்வது? கஞ்சா, வலி மாத்திரை என்று வரும் இளைஞர்களையும் இதே முறையில் பார்க்கலாமா?

கோவை மருத்துவர் எழுதியது:

23 என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது மிகச் சரியான முடிவு. மருத்துவர் நாள் குறித்துக் கொடுக்கும் வரை திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மருந்து கலப்பதைப் பற்றி மனைவியிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். குடியை மறக்கச் செய்யும் பொடி என்று சுவரொட்டிகளிலும் தொலைக்காட்சியிலும் விற்கப்படுபவற்றில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பெரும்பாலும் குடும்பத்தினர் கேட்பது டைசல்ஃபிராம் மாத்திரையைத்தான். அது உடலில் மதுவிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடைச் சிதையவிடாமல் தேக்கிவைக்கிறது. அதை உண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்து சம்மதித்து, மனைவி கண்ணெதிரே தினமும் காலையில் விழுங்குகிறவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் கலப்பது சட்டப்படியும் மருத்துவப்படியும் தவறு. கண்டுபிடித்துவிட்டால் அந்த வீட்டில் அவர் இனி ஒரு வாய் சோற்றையும் நம்பிச் சாப்பிட மாட்டார்.

கணவர் உள்ளே என்ன பேசுகிறார் என்று மனைவி கேட்பதற்கும் பதில் இதே திசையில்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது; அதன் 23ஆம் பிரிவு இரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்கத் தேவையான அளவு மட்டும் வெளியிட அதில் இடம் உண்டு. முதல் சந்திப்பிலேயே, எதை எந்தச் சூழலில் யாரிடம் சொல்வீர்கள் என்பதை எழுதி, சிகிச்சைக்கு வருகிறவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வருகிறாரா, மருந்து எடுக்கிறாரா என்பதை மட்டும் மனைவியிடம் சொல்லலாம் என்று அவர் ஒப்புக்கொண்டால் அதுவே போதும்.

கஞ்சாவைப் பொறுத்தவரை, பேச்சு முறை மதுவுக்குச் சொன்னதேதான்; உயிருக்கு ஆபத்தான விடுநிலை (நிறுத்தும்போது உடலில் தோன்றும் கோளாறுகள்) வருவதில்லை. ஆனால் காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொன்னால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். வலி மாத்திரை வேறு விஷயம். டாபென்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடையே பரவியிருப்பதை நீங்களும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இவர்களைப் பேச்சால் மட்டும் பார்க்க முயல வேண்டாம். புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்து தரும் அங்கீகாரம் பெற்ற மையம் அவர்களுக்குத் தேவை. சில வாரம் நிறுத்தியவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடல் தாங்காமல் மூச்சு நின்றுவிடும். இதை அவரிடமும் வீட்டாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஊசியைப் பகிர்ந்தவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனைகள் கட்டாயம். மருந்து மாறிப்போகாமலும் கவனிக்க வேண்டும். ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தால் கடுமையான விடுநிலை உடனே வந்துவிடும். ஆகவே குடிக்காக என்னிடம் அனுப்புகிறவர்களைப் பற்றியும், வேறு மாத்திரை எதுவும் எடுக்கிறாரா என்று நீங்கள் கேட்டறிந்ததைக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

காவல்துறை அச்சத்தால் வாயே திறக்காத இளைஞரிடம், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றிச் சொல்லலாம். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கைச் சந்திக்கும் ஒருவர், தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திலோ சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். யாரையாவது மையத்துக்கு அனுப்ப நேர்ந்தால், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். இரவில் ஆள் கிடைக்காத நேரத்துக்கு, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐயும் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416ஐயும் உங்கள் சந்திப்பு அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டு வையுங்கள்.

உங்கள் நபர் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஆடிட் மதிப்பெண், தினசரி அளவு, மாலை போட்ட நாட்களில் வந்த அறிகுறிகள் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். நடுக்கம் தணியும் அந்த வாரத்திலும் உங்கள் சந்திப்பை ரத்து செய்ய வேண்டாம். பத்து நிமிடம் பேசினாலும் போதும்.